விழுந்த பரிசும் விற்றவர் பங்கும்

பொருளை ஈட்டும் வழி யாது என்பதற்கு நம் முன்னோர் விடை கூறிச் சென்றுள்ளனர். ஈட்டிய பொருளைப் பிறர்க்கு ஈயும் வழி யாது என்பதற்கும் விடை கூறியுள்ளனர். ஆனால் ஈட்டாமலே வந்து சேர்ந்த பொருள் ஒன்று உண்டானால், அதில் யாருக்கு என்ன பங்கு? உழைப்பின்றி வந்த செல்வத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உழைப்பவன் ஒருவனைப் பார்த்து, “உனக்குரியதை நீ முன்னரே பெற்றுக்கொண்டாய்” என்று கூறுவது அறமாகுமா? சிறிய வினாவாகத் தோன்றும் இதனை, வாளையார் எல்லையில் வாழும் நாம் பல முறை சந்தித்தும் பெரும்பாலும் தப்பித்தே வந்திருக்கிறோம். ஒரு முறை தப்ப இயலவில்லை. அதன் விளைவே இக்கட்டுரை.

வாளையாரைப் பற்றி இம்மலரின் வாசகர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. கணவாய்க் காற்று ஓயாது வீசும் இந்த இடத்தில், தேசிய நெடுஞ்சாலை 544 தமிழகத்தை விட்டுக் கேரளத்துள் நுழைகிறது. கோவையிலிருந்து வருபவர் கண்ணில் எல்லை கடந்ததும் படுபவை பரிசுச் சீட்டுக் கடைகள். தமிழகத்தில் அண்ணாவின் ஆட்சிக் காலத்தில் 1968 இல் தொடங்கிய அரசுப் பரிசுச் சீட்டுத் திட்டம் இடையில் நின்றும் மீண்டும் தொடர்ந்தது. 2003 ஜனவரியில் எல்லா வகை லாட்டரிச் சீட்டுகளின் விற்பனைக்கும் அங்கே தடை விதிக்கப்பட்டது. கேரளமோ 1967 இலேயே இதற்கெனத் தனித் துறை கண்ட மாநிலம். ஒரு ரூபாய்ச் சீட்டுக்கு 50,000 ரூபாய் முதற்பரிசு என்று அறிவித்து, 1968 ஜனவரி 26 அன்று முதற் குலுக்கலை நடத்தியது. இன்றளவும் அரசே சீட்டு அச்சிடுகிறது, அரசே குலுக்குகிறது, அரசே பரிசு வழங்குகிறது. ஆகவே நெடுஞ்சாலையின் ஒரு புறத்தில் குற்றமாகக் கருதப்படும் விற்பனை, சில அடி தள்ளி அரசின் வருவாயாகிறது. சட்டம் எல்லைக் கல்லில் மாறுகிறது. அறமும் அவ்வாறே மாறுமா என்பதை நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும்.

இந்த எல்லைக் கடைகளின் புகழ் 2023 இல் உச்சம் தொட்டது. அவ்வாண்டுத் திருவோணச் சிறப்புக் குலுக்கல் செப்டம்பர் 20 அன்று நடந்தது. சீட்டின் விலை 500 ரூபாய். முதற்பரிசு 25 கோடி. அப்பரிசு, வாளையாரில் விற்பனையான ஒரு சீட்டுக்கு விழுந்தது. கூட்டாக அதனை வாங்கியிருந்தவர்கள் திருப்பூர்ப் பகுதியைச் சேர்ந்த நால்வர். அதன் பின்னர் ‘ராசியான கடை’ என்ற சொல் எங்கும் ஒலித்தது. நம் அலுவலகத்திலும் ஒலித்தது.

நாம் மத்திய அரசின் ஓர் அலுவலகத்தில் எழுத்தர்களாகப் பணியாற்றுபவர்கள். பத்துப் பேர் சேர்ந்து, தலைக்கு 50 ரூபாய் வீதம் இட்டு, ஓணச் சீட்டு ஒன்றை வாங்குவது நம்மிடையே சில ஆண்டுப் பழக்கம். நம்முள் ஒருவர் எல்லைக்கு அப்பாலிருந்து நாள்தோறும் பேருந்தில் வருபவர்; சீட்டு வாங்கும் பொறுப்பு அவருடையது. வாளையாரில் பேருந்து நிற்கும் இடத்தருகே, கடையென்று கூற இயலாத ஒரு மரப்பலகையின் முன் அமர்ந்து சீட்டு விற்கும் பெரியவர் ஒருவரிடம் அவர் வாங்குவார். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர் அப்பெரியவர். ஓர் ஆண்டு நம் நண்பர் காய்ச்சலில் படுத்துவிட்டார். குலுக்கலுக்கு முந்தைய நாள் மாலையில் நினைவு வந்து, பெரியவரைத் தொலைபேசியில் அழைத்தார். “சீட்டு ஒண்ணே ஒண்ணு இருக்குதுங்க. உங்களுக்குன்னு எடுத்து வெச்சுக்கறேனுங்க. காசு வரும்போது கொடுங்க” என்று கூறி, சீட்டின் எண்ணையும் வாசித்துக் காட்டினார் பெரியவர்.

மறுநாள் குலுக்கலில் அச்சீட்டின் கடைசி நான்கு எண்களுக்கு 5,000 ரூபாய்ப் பரிசு விழுந்தது. 5,000 வரையிலான பரிசைச் சீட்டு விற்கும் இடத்திலேயே பெற்றுக்கொள்ளலாம் என்பது அத்துறையின் நடைமுறை. நான்கு நாள் கழித்து நண்பர் சென்றார். பெரியவர் சீட்டை எடுத்துக் காட்டி, விலையான 500 ரூபாயைக் கழித்துக்கொண்டு, 4,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். தலைக்கு 450 ரூபாய் கிடைத்தது. தேநீர் இடைவேளையில் ஒருவர் கேட்டார்: “அந்தப் பெரியவருக்கு ஏதேனும் கொடுத்தீர்களா?” “அவருக்குத்தான் கமிஷன் உண்டே” என்றார் சென்று வந்தவர். பேச்சு அத்துடன் முடிந்தது. முடிந்ததாக நினைத்தோம்.

‘கமிஷன் உண்டே’ என்ற விடை பொய்யன்று. கேரளத்தின் பெரும்பரிசுகளில் முகவர்க்குப் பத்து விழுக்காடு பரிசுத் தொகையிலிருந்தே பிடிக்கப்படுகிறது. 25 கோடி விழுந்தவர்க்கு முதலில் முகவர் பங்காக 2.5 கோடி கழியும். எஞ்சிய 22.5 கோடியில் முப்பது விழுக்காடு வரியாக 6.75 கோடி கழியும். கைக்கு வருவது 15.75 கோடி, அதிலிருந்து மேல்வரியும் தீர்வையும் செலுத்த வேண்டியிருக்கும். ஆக, விற்றவர்க்குப் பங்கு வேண்டும் என்பதை அரசே ஏற்று விதியாக்கியுள்ளது. அப்படியிருக்க நாம் வேறு கொடுப்பானேன் என்று கேட்பது நியாயமாகவே தோன்றும். எனினும் முகவர் என்பவர் ஒருவர். வெயிலில் நின்று விற்பவர் பல நேரங்களில் வேறொருவர். முகவரிடமிருந்து காலையில் சீட்டைக் காசு கொடுத்து வாங்கி, மாலைக்குள் விற்றுத் தீர்ப்பவர் சில்லறை விற்பனையாளர். விற்காமல் தங்கிய சீட்டு அவர் தலையில் விழும் நட்டம். பங்கு எதுவரை இறங்கி வருகிறது என்பது அவரவர் ஏற்பாட்டைப் பொறுத்தது.

அயல்நாடுகளில் உள்ள நம் உறவினர் இதே வினாவை வேறு உருவில் சந்திக்கின்றனர். அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரச் சூதாட்டக் கூடங்களில் பொறி ஒன்றில் பெருந்தொகை விழுந்தால், ஊழியர் ஒருவர் பணத்தை எடுத்துவந்து வென்றவர் கையில் எண்ணிக் கொடுப்பார். அவர்க்கு ஏதேனும் கொடுப்பது அங்கே வழக்கம், கட்டாயமன்று. ஆட்ட மேசையில் சீட்டுப் போடுபவர் வருவாயிலும் இத்தகைய அன்பளிப்பு பெரும்பகுதி. ஆனால் ஆஸ்திரேலியாவின் கூடங்களில் ஆட்ட மேசை ஊழியர்க்கு அன்பளிப்பு அளிக்கக் கூடாதென்பது விதி. கொடுப்பதே பண்பு என்கிறது ஒரு நாடு. கொடுத்தால் ஆட்டத்தின் நேர்மை கெடும் என்கிறது மற்றொரு நாடு. இரண்டிலும் உண்மை உண்டு. ஆகவே வழக்கத்தைக் கொண்டு அறத்தைத் தீர்மானிக்க இயலாது. காரணத்தைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும்.

வென்றவன் கொடுப்பதற்குக் கூறப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, ‘அவர் கை ராசியான கை’ என்பது. மக்கள் மிகுதியாகக் கூறும் காரணம் இதுவே. மிகவும் வலுவற்றதும் இதுவே. பரிசுச் சீட்டை விற்றவர் அதே நாளில் பரிசு விழாத சீட்டுகளையும் அதே கையால்தான் விற்றார். வென்றவன் நன்றி கூறுவது சரியானால், தோற்றவர் அனைவரும் அவரை வையவும் உரிமை பெறுவர். குலுக்கும் பொறி எந்தக் கையையும் அறியாது. ராசிக்காகக் கொடுக்கும் காசு, அடுத்த முறையும் விழ வேண்டுமே என்று ஊழுக்குக் கொடுக்கும் கையூட்டு. அது நன்றியன்று.

இரண்டாவது, ‘ஏழை, பாவம்’ என்பது. இது இரக்கம், இரக்கம் நன்று. ஆயினும், ஏழைக்குக் கொடுப்பதற்குப் பரிசு விழும்வரை காத்திருப்பானேன்? பரிசு விழாத நாளிலும் அவர் ஏழைதானே? மேலும், நாள் முழுவதும் உழைத்துத் தன் பொருளை விலைக்கு விற்பவரை இரப்பவர் வரிசையில் நிறுத்துவது அவருக்குச் செய்யும் உதவியாகாது.

மூன்றாவது காரணம் ஆழமானது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று நோக்கினால் அது விளங்கும். 25 கோடி வானத்திலிருந்து விழவில்லை. கட்டடத் தொழிலாளியும் ஆட்டோ ஓட்டுநரும் வீட்டுவேலை செய்யும் பெண்ணும் நம்மைப் போன்ற எழுத்தரும் ஐந்நூறு ஐந்நூறாக இட்டுத் தோற்ற பணமே ஒருவன் கையில் பரிசாகத் திரள்கிறது. அரசே நடத்தினாலும் லாட்டரி, சூதாட்டத் தன்மையை இழப்பதில்லை என்று 1999 இல் உச்சநீதிமன்றம் கூறியதும் ஈண்டு எண்ணத்தக்கது. அதில் வென்றவன் அறிவாலோ உழைப்பாலோ வெல்லவில்லை. எனவே, ‘இது என் தகுதிக்குக் கிடைத்தது, ஒரு காசும் பிறர்க்கில்லை’ என்று இறுகப் பற்றும் உரிமை அவனுக்குச் சட்டத்தில் உண்டு, அறத்தில் அத்தனை உறுதியாக இல்லை. ஆனால் இக்காரணமும் விற்றவர்க்கே கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பகிர வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. பகிர்வதற்கும் ஒழுங்கு உண்டு. கடன் கொடுத்தவர்க்குத் திருப்பித் தருவது முதற்கடமை. நம்மை நம்பியிருக்கும் முதியோரையும் பிள்ளைகளையும் காப்பது அடுத்தது. 2022 ஓணப் பரிசில் 25 கோடி பெற்ற ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், உதவி கேட்டு வருவோர் தொல்லையால் வீட்டில் இருக்கவும் இயலவில்லை என்று சில நாட்களிலேயே வருந்திக் கூறியதை நாடறியும். கேட்டவர்க்கெல்லாம் கொடுப்பது ஈகையாகாது. அது கொடுப்பவனையும் அழிக்கும்.

நான்காவது காரணம், விற்பவர் செய்த செயல். இங்கேதான் 2021 மார்ச் மாதம் ஆலுவாவில் நடந்த நிகழ்ச்சியைக் கூற வேண்டும். பரிசுச் சீட்டு விற்கும் பெண்மணி ஒருவர், வாடிக்கையாக வாங்கும் தோட்டத் தொழிலாளி ஒருவருக்காகத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டபடி 200 ரூபாய்ச் சீட்டொன்றை ஒதுக்கி வைத்தார். பணம் பெறவில்லை. அன்றைய கோடைச் சிறப்புக் குலுக்கலில் அச்சீட்டுக்கே 6 கோடி விழுந்தது. சீட்டு அவர் கையில். விலை வந்து சேரவில்லை. சாட்சியாக இருந்தது தொலைபேசிப் பேச்சொன்றே. அவர் அன்றிரவே அவர் வீட்டைத் தேடிச் சென்று சீட்டைக் கொடுத்து, 200 ரூபாயை வாங்கிக்கொண்டு திரும்பினார். ‘சொன்ன சொல் சொன்னதுதான்’ என்பதைத் தவிர அவர் செயலுக்கு விளக்கம் இல்லை.

இந்நிகழ்ச்சியை அந்நாளில் நாமும் படித்தோம், வியந்தோம், பாராட்டினோம். அதே செயல் நம் பொருட்டு, ஆயிரத்தில் ஒரு பங்கினும் சிறிய அளவில், வாளையார் மரப்பலகையொன்றின் முன் நடந்தபோது அதனை நாம் அடையாளம் காணவில்லை! 6 கோடிக்கு நேர்மை என்றால் செய்தி. 5,000 ரூபாய்க்கு நேர்மை என்றால் ‘கமிஷன் உண்டே’.

இன்னும் ஒன்று எண்ணிப் பார்க்க வேண்டும். நம் நண்பர் தொலைபேசியில் கேட்டபோது அது பெரியவரின் கடைசிச் சீட்டு. வேறு எவர்க்கும் அதை விற்று அன்றே 500 ரூபாய் பெற்றிருக்கலாம். நமக்கென ஒதுக்கியதால், அந்த 500 ரூபாய் நான்கு நாள் அவர் பொறுப்பில் நின்றது. பரிசு விழாதிருந்தால் என்ன நடந்திருக்கும்? நண்பர் காய்ச்சல் தீர்ந்து வந்திருப்பார். தோற்றுப்போன சீட்டுக்குப் பணம் திரட்டப் பத்துப் பேரிடம் கேட்டிருப்பார். “அந்தச் சீட்டை நாம் வாங்கவே இல்லையே” என்று நம்முள் ஒருவராவது கூறியிருப்பார். அவ்வாறு ஒருவரும் கூறியிருக்க மாட்டார் என்று உறுதி சொல்ல நமக்கு நா எழவில்லை. நட்டம் வந்தால் அவர்க்கு, லாபம் வந்தால் நமக்கு என்ற ஏற்பாட்டில் அல்லவா நாம் 4,500 ரூபாயைப் பகிர்ந்துகொண்டோம்? கமிஷன் என்பது சீட்டை விற்றதற்குக் கூலி. நம் நட்டத்தைத் தாம் சுமக்க முன்வந்ததற்கு அவர்க்கு யாரும் கூலி தரவில்லை.

நண்பர்களிடையே இதனை மீண்டும் எடுத்துப் பேசியபோது ஒருவர் வன்மையாக மறுத்தார். “நாம் ஒருவரிடமும் அன்பளிப்புப் பெறுவதில்லை. 1964 ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் பதின்மூன்றாம் விதி நம்மைத் தடுக்கிறது. கடமையைச் செய்தவன் கைநீட்டக் கூடாதென்பது நமக்கு அறமானால், அவர்க்கும் அதுவே அறம். இன்று நீங்கள் கொடுத்தால் நாளை அது வழக்கமாகும், மறுநாள் எதிர்பார்ப்பாகும், அதற்கடுத்த நாள் கொடுக்காதவன் கெட்டவனாவான்” என்றார். இவ்வாதத்தை எளிதில் தள்ள முடியாது. அரசு அலுவலகங்களில் தேநீர்க் காசாகத் தொடங்கியவை எதுவாக முடிந்தன என்பதை அறிந்தவர்கள் நாம்.

எனினும் நாம் கைநீட்டாமல் இருக்க இயல்வதன் காரணம் என்ன? நம் ஒழுக்கம் மட்டுமா? மாதந்தோறும் ஊதியம் வந்துவிடுகிறது. விலைவாசி ஏறினால் அகவிலைப்படி ஏறுகிறது. நோயுற்றால் விடுப்பு உண்டு. அன்று காய்ச்சலில் படுத்த நம் நண்பர்க்கு ஊதியத்தில் ஒரு காசும் குறையவில்லை. அதே காய்ச்சல் பெரியவர்க்கு வந்திருந்தால் காலையில் வாங்கிய சீட்டுகளே அவர்க்குச் சுமையாகியிருக்கும். நம் விதி, ஊதியம் என்ற அடித்தளத்தின் மேல் நிற்கிறது. அடித்தளம் இல்லாதவரிடம் அவ்விதியை நீட்டுவது நீதியாகாது. கையூட்டுக்கும் அன்பளிப்புக்கும் உள்ள வேறுபாடும் இங்கே தெளிவாகிறது. கையூட்டு, செயலுக்கு முன் நின்று அதனை வளைக்கிறது. நன்றி, செயல் முடிந்த பின் வந்து அதனை மதிக்கிறது. குலுக்கல் முடிந்த பின் விற்பனையாளர்க்குக் கொடுப்பதால் எந்த எண்ணும் மாறப்போவதில்லை.

நம் பழங்கதையிலும் இதற்கொரு நிழல் உண்டு. சூதில் நாட்டையும் தம்பியரையும் இழந்த தருமர், மறைந்து வாழ்ந்த ஆண்டில் விராடன் அவையில் கங்கன் என்ற பெயருடன் அரசனுக்குச் சூதாடும் துணைவராகவே பணியேற்றார். இன்றைய மொழியில் கூறினால், ஆட்டக் கூடத்தின் ஊழியர்! அங்கே வென்ற பொருளை அரசன் அறியாமல் தம் தம்பியர்க்குப் பகிர்ந்தளித்தார் என்று விராட பருவம் கூறுகிறது. தமக்கென ஆடியபோது அனைவரையும் இழந்தவர், கிடைத்ததைப் பகிர்ந்தபோது அனைவரையும் காத்தார். ஆயினும் பகிர்ந்ததால் சூது அறமாகிவிட்டது என்று எவரும் கூறார். சூதில் வரும் வெற்றியையே தூண்டில் முள்ளுக்கு ஒப்பிட்டவர் வள்ளுவர். விற்றவர்க்கு நூறு ரூபாய் கொடுத்துவிட்டோம் என்பதால் சீட்டு வாங்கும் பழக்கம் தூய்மை பெறாது. இதனையும் நம் பிள்ளைகள் அறிய வேண்டும். வென்ற பணத்தில் பாதிக்கு மீண்டும் சீட்டு வாங்கி, “பெரியவர்க்கு வியாபாரம் கொடுத்தேன்” என்று கூறுவதும் நன்றியாகாது. அது தூண்டிலை இன்னும் ஆழமாக விழுங்குவது.

இறுதியில் நாம் செய்தது இது. மறுத்த நண்பரை வற்புறுத்தவில்லை. அவர் கருத்து அவர்க்கு. ஏனைய ஒன்பதின்மர் தலைக்கு 50 ரூபாய் இட்டோம். 450 ரூபாயை எடுத்துக்கொண்டு மூவர் வாளையாரில் இறங்கினோம். பெரியவர் பணத்தை வாங்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. “எதுக்குங்க இது?” என்று கேட்டார். அத்தனை நாள் வாதிட்ட நமக்கு அப்போது உடனே விடை வரவில்லை. “பரிசு விழுந்ததற்கு” என்று கூற வாயெடுத்த நண்பர், நிறுத்திக்கொண்டு, “அன்னிக்கு எங்களுக்குன்னு எடுத்து வெச்சீங்களே, அதுக்குங்க” என்றார். பெரியவர் ஒரு நொடி பார்த்தார். பணத்தைச் சட்டைப் பையில் வைத்தார். அடுத்து வந்தவர்க்குச் சீட்டைக் காட்டத் தொடங்கினார்.

அந்த விடையே இவ்வினாவுக்கும் விடை என்று நாம் கருதுகிறோம். பரிசு விழுந்ததற்காகக் கொடுக்க வேண்டியதில்லை. அது எவர் செயலும் அன்று. ஒருவர் நம்மை நம்பியதற்காக, தம் பங்குக்கு மேல் நமக்கெனச் செய்ததற்காகக் கொடுக்க வேண்டும். அதற்கு விழுக்காட்டுக் கணக்கில்லை. காலந்தாழ்த்தாமல், கூட்டம் கூட்டாமல், அவர் தலைகுனியாத வண்ணம் கொடுத்தால் போதும். அவ்வாறாயின், பரிசு விழாத ஆண்டிலும் அக்கடமை நம்மைவிட்டு நீங்குவதில்லை. தோற்ற சீட்டுக்குரிய விலையை மறுநாளே சென்று கொடுப்பவனே, வென்ற நாளில் அன்பளிப்பு வழங்கத் தகுதி பெற்றவன்.